சம்பளம் கேட்காத விளம்பரக்காரர்

திருவண்ணாமலை மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி: அவர்களுடைய உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் செக்குக் கடலை எண்ணெய் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது. சென்னையில் விளம்பரத் தொழில் பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் சம்பளம் வாங்காமல் உதவ முன்வந்திருக்கிறார். ஏற்கலாமா?

தாராளமாக ஏற்கலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே மட்டும் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் வனத்துறை, வேளாண்மைத் துறையின் கீழ் இயங்குகிறது. காட்டுத்தீயைத் தடுக்க 1944-ல் ‘ஸ்மோக்கி’ என்ற கரடியின் படத்தை வைத்து அங்கே பிரசாரம் தொடங்கியது. விளம்பர நிறுவனம் ஒன்று அதற்குத் தொண்டாகவே உழைத்தது. சொன்ன செய்தி ஒன்றுதான்: கவனக்குறைவால் காட்டுக்குத் தீ வைத்துவிடாதீர்கள். 80 ஆண்டு கடந்தும் அந்தக் கரடியை மக்கள் மறக்கவில்லை. 1952-ல் தனிச்சட்டம் இயற்றி, கரடியின் பெயரையும் படத்தையும் வேளாண்மைத் துறை அமைச்சரின் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணம் காட்டுத்தீத் தடுப்புக்கே போகிறது.

நம் நிறுவனங்களுக்கும் இதே இரண்டும் பொருந்தும்.

முதலாவது, குறிப்பான ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். ‘எப்படியாவது விற்றுக் கொடுங்கள்’ என்றால் உதவ வந்தவரும் திணறுவார். ‘ஒரு லிட்டர் பாட்டிலுக்கு லேபிள், மூன்று மாதத்துக்குள்’ என்று கேட்டால் வேலை முடியும். லேபிளில் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை விடுபடக் கூடாது. நோய் தீரும் என்ற வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்தாலும் அச்சிடக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, உரிமை. வணிகப் பெயரை நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். முகநூல், வாட்ஸ்அப் கணக்குகளை நிறுவனத்தின் கைப்பேசி எண்ணிலேயே தொடங்க வேண்டும். கடவுச்சொல்லும் லேபிளின் மூலக் கோப்பும் அலுவலகத்தில் இருக்க வேண்டும். நாளை அவர் வேறு ஊருக்கு மாறிப் போனாலும் வியாபாரம் நிற்காது. இவற்றை இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொண்டால், பின்னால் அவருக்கும் மனக்கசப்பு வராது.

விளம்பரக்காரரால் செய்ய முடியாத வேலையும் ஒன்று உண்டு. காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு இறங்கும் வரை காயவைப்பதும், பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிவதும் உறுப்பினர்கள் பொறுப்பு. விளம்பரம் முதல் பாட்டிலை விற்றுத் தரும். அடுத்த பாட்டிலை எண்ணெயின் தரம்தான் விற்க வேண்டும்.