சொப்ட்வெயாருக்கு முன்னால் ஒரு கொப்பி

 

போன கிழமை நம்ம பஜாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் கேட்டார். "சேர், தலவாக்கலையில ஒரு கடையில பில் அடிக்கிற சொப்ட்வெயார் போட்டிருக்காங்க. மாசா மாசம் காசு கட்டணுமாம். நானும் போடவா?"

"லாச்சியில் விழுகிற காசு எங்கே போகுது என்று தெரியுமா நானா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "அது தெரிஞ்சா சொப்ட்வெயார் எதுக்கு சேர்?"

அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் வாப்பாவும் தேத்தண்ணிக் கடைதான் வைத்திருந்தார். ஜனாஸா அன்று வழக்கம்போல, மர்ஹூமோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று அறிவித்தார்கள். மா கொடுத்தவர், விறகு கொடுத்தவர் என்று நாலு பேர் வந்தார்கள். சரிபார்க்க எங்களிடம் ஒரு எழுத்தும் இல்லை. சொன்ன தொகையைக் கொடுத்தோம். வாப்பாவுக்கு வர வேண்டிய கடன் அவரோடு போய்விட்டது. குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. அதை ஓதுகிற வீட்டில்தான் எழுதாமல் விட்டோம்.

கல்லாப்பெட்டி இயந்திரம் பிறந்ததே இப்படி ஒரு கடையில்தான். அமெரிக்காவின் ஓஹியோவில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசு எடுக்கிறார்கள் என்று 1879இல் அதைச் செய்தார். ஆனால் நம்ம கடைகளில் லாச்சியில் அதிகம் கை வைப்பது முதலாளிதான். திருட்டு இல்லை, அவருடைய காசுதான். ஆனாலும் அது கணக்கில் வருவதில்லை.

நான் பார்த்த வரையில் காசு போகிற வழி மூன்று.

1. வீட்டுச் செலவு. பிள்ளையின் டியூஷன் காசு, வீட்டுக்குப் போகிற ரொட்டி, கறி. ஒரு நாளைக்கு 1,000 ரூபா என்றாலும் மாதம் 30,000. இதற்குப் பாடப்புத்தகத்தில் எடுப்பனவு என்று பெயர்.

2. கடன். தோட்டத்தில் சம்பளம் போடும் 10ஆம் திகதிக்குத் தருகிறேன் என்று சாப்பிட்டுப் போவது. பாதி கொப்பியில், மீதி ஞாபகத்தில்.

3. பழைய விலை. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் 2,675 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 4,860 ஆனது. அப்போது ஒரு கொத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? பக்கத்துக் கடை விலையைப் பார்த்து நம்ம விலையை வைத்தோம்.

இந்த மூன்றையும் எந்த சொப்ட்வெயாரும் தானாகக் கண்டுபிடிக்காது. நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதனால் நானாவிடம் சொன்னேன், முதலில் மூன்று மாதம் கொப்பியில் எழுதுங்கள். விற்பனை, கொள்முதல், கடன், எடுப்பனவு. கடை சாத்தும்போது பத்து நிமிடம். அந்தப் பழக்கம் வந்த பிறகு சொப்ட்வெயார் போடுங்கள். அப்போது அது பெரிய உதவி. எந்தச் சாப்பாடு எவ்வளவு விற்றது, எதில் லாபம், எந்தச் சாமான் குறைகிறது என்று ஒரு நொடியில் காட்டும். லொய்வர்ஸ் மாதிரி இலவசமாகத் தொடங்கக்கூடியவையும் உண்டு, போனிலேயே போடலாம். மாதக் காசு கட்டும் முன்பு அதில் பழகிப் பாருங்கள்.

"கணக்கு எழுதினால் வரி வரும்" என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. உங்கள் லாபம் அதற்குள்தான் என்று காட்ட எழுத்து வேண்டும். இறைவரிச் சட்டமும் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. வங்கியில் கடன் கேட்டாலும் முதலில் கேட்பது கணக்கைத்தான்.

கடைசியாக, உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஓ.எல். வகுப்பில் வணிகக் கல்வியும் கணக்கீடும் படிக்கிற பிள்ளை காசேடும் பேரேடும் எழுதும். யாரோ ஒரு கற்பனை வியாபாரியின் கணக்கைப் பரீட்சைக்காகப் போடுகிறது. அதே பிள்ளை பாடசாலை விட்டு வந்து வாப்பாவின், அப்பாவின் கடையில் பிளேன்டீ ஊற்றுகிறது. அதன் கையில் ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

ஞாயிறு பின்நேரம் கொப்பியோடு வருகிறவர்களுக்கு நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம், ஒரு பிளேன்டீ போதும். அதையும் எடுப்பனவில் எழுதிவிடாதீர்கள், அது கடைச் செலவு.