அடிமரம் இல்லாத ஆல்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஹவுரா நகரை ஒட்டிய ஷிப்பூரில் இருக்கிறது இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா. ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் போய்விடலாம். நுழைவாயிலைத் தாண்டியதும் பெரும்பாலோர் நேராகப் போவது ஒரே இடத்துக்குத்தான்: பெரிய ஆலமரம். அதன்முன் படம் எடுத்துக்கொண்டு, நிழலில் சற்று உட்கார்ந்து, திரும்பிவிடுகிறார்கள். 270 ஏக்கருக்குமேல் விரிந்து கிடக்கும் தோட்டத்தில் மற்றதெல்லாம் பறவைகளுக்கும் காதலர்களுக்கும் மிஞ்சுகிறது.

ஆலமரத்தின்மீது தப்பில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அது மரமாகவே தெரிவதில்லை; சிறு காடாகத் தெரிகிறது. ஏறத்தாழ ஒன்றரை ஹெக்டேர் பரப்பு, 3,500க்கும் மேற்பட்ட விழுதுகள். வயது 250 ஆண்டுகளுக்குக் குறையாது என்கிறார்கள். மரத்தைச் சுற்றி முன்பு 330 மீட்டர் நீளத்துக்குச் சாலை போட்டார்கள். மரம் அதைப் பொருட்படுத்தவில்லை. சாலையைத் தாண்டி வெளியே வளர்ந்துவிட்டது.

ஆச்சரியம் அதன் அளவில் இல்லை, நடுவில் இருக்கிறது. அங்கே அடிமரம் கிடையாது. 1864லும் 1867லும் அடித்த பெரும் புயல்களில் முக்கியக் கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்கள் வழியே காளான் நோய் உள்ளே போயிற்று. அடிமரம் மெல்ல மெல்ல அழுகியது. மற்ற பகுதிகளைக் காப்பாற்றுவதற்காக 1925ல் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். தாய்மரம் போய் ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. விழுதுகளோ இன்றும் புதிது புதிதாக இறங்கிக்கொண்டிருக்கின்றன.

இதில் மாயம் எதுவும் இல்லை. கிளையிலிருந்து தொங்கும் விழுது மண்ணைத் தொட்டதும் வேர்விட்டுத் தடித்து, தானே ஒரு தண்டாகிவிடுகிறது. நீரை உறிஞ்சுவதும் அதுதான், கிளையைத் தாங்குவதும் அதுதான். போதிய விழுதுகள் ஊன்றிவிட்டால் அடிமரம் இல்லாமலும் ஆல் பிழைத்துக்கொள்ளும். சென்னை அடையாறில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரமும் 1989ல் புயல்காற்றில் அடிமரத்தை இழந்தது. அதுவும் விழுதுகளின் தயவில்தான் வாழ்கிறது. ‘ஆல்போல் தழைத்து’ என்று நம் பெரியவர்கள் வாழ்த்தியது சும்மா இல்லை.

ஆனால் இந்தத் தோட்டம் பிறந்தது ஆலமரத்துக்காக அல்ல, வயிற்றுக்காக. அதைச் சரியாகச் சொன்னால், வயிற்றுக்காகவும் லாபத்துக்காகவும். 1770ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மாண்டது என்று மதிப்பிடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரியான கர்னல் ராபர்ட் கிட் 1786ல் ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். மலாய் நாட்டின் ஜவ்வரிசிப் பனையையும் பாரசீகத்தின் பேரீச்சையையும் கொண்டுவந்து வளர்த்தால் பஞ்சகாலத்தில் உணவாகும் என்பது அவர் வாதம். கூடவே கப்பல் கட்டத் தேக்கு, விற்றுச் சம்பாதிக்க வாசனைப் பயிர்கள். கம்பெனி சம்மதித்தது. 1787ல் தோட்டம் உருவானது.

பஞ்சத்தைக் கடுமையாக்கியதில் கம்பெனியின் வரிவசூலுக்கும் பங்கு உண்டு. மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் வரி குறையவில்லை. வரியில் கைவைக்காமல் பனை நட்டுப் பஞ்சத்தைத் தீர்க்கலாம் என்ற யோசனை அதிகாரிகளுக்குச் சௌகரியமாக இருந்ததில் வியப்பில்லை. கிட்டின் அக்கறை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் பேரீச்சை வந்தபிறகும் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. கடைசியாக 1943ல் வந்தபோது பலியானவர்கள் லட்சக்கணக்கில்.

நட்டவை எல்லாம் தழைக்கவும் இல்லை. ஜாதிக்காய், கிராம்பு போன்ற பூமத்தியரேகைப் பிரதேசப் பயிர்கள் கல்கத்தாவின் குளிருக்கும் வெயிலுக்கும் தாங்கவில்லை. எது வளராது என்று கண்டுபிடித்ததும் ஒரு சேவைதான். தேயிலையின் கதை வேறு. 1830களின் நடுவில் சீனாவிலிருந்து தருவித்த விதைகள் இங்கேதான் முளைவிட்டன. நாற்றுகள் அஸ்ஸாமுக்கும் குமாவுன் மலைகளுக்கும் போயின. ஒரு சிறு பங்கு நீலகிரிக்கும் வந்தது.

கிட்டுக்குப் பின் 1793ல் பொறுப்பேற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். மதராஸ் மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக வேலை பார்த்தவர். கோதாவரிப் பகுதியில் சாமல்கோட்டில் பயிர் ஆராய்ச்சி செய்தவர். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் இந்திய ஓவியர்களை அமர்த்தி 2,500க்கும் மேற்பட்ட தாவரங்களை வண்ணத்தில் வரையவைத்தார். பூவின் நரம்பு, காயின் குறுக்குவெட்டு எதுவும் விடுபடாத படங்கள். ஒரு தொகுப்பு லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது, இன்னொன்று ஷிப்பூரில். தாவரங்களின் பெயர்களுக்குப் பின்னால் ராக்ஸ்பர்க்கின் பெயர் நிலைத்துவிட்டது. வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஆலமரத்தோடு திரும்பிவிடாதவர்களுக்குக் காட்சிகள் காத்திருக்கின்றன. குளங்களில் அமேசான் ராட்சத அல்லி: இரண்டு மீட்டர் அகலத்துக்கு வளரக்கூடிய, தாம்பாளம்போல் விளிம்பு மடிந்த இலை, முதல் நாள் இரவு வெள்ளையாகவும் மறுநாள் இளஞ்சிவப்பாகவும் மாறும் பூ. இலைக்கு இலை வடிவம் மாறும் ‘பைத்தியக்கார மரம்’ ஒன்று. செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் இனத்தை 1894ல் இங்கே நட்டார்கள். தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை அதனுடையது, இருபது கிலோவைத் தாண்டக்கூடியது. அந்த மரம் பூக்கவே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. பூத்தபோதுதான் அது பெண்மரம் என்று தெரிந்தது. துணைக்கு ஆண்மரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து மகரந்தத்தை வரவழைத்து, விஞ்ஞானிகள் கையாலேயே சேர்த்துக் காய்க்க வைத்தார்கள்.

பார்வையாளர் கண்ணில் படாத சொத்து இன்னொன்றும் உண்டு. தோட்டத்தை ஒட்டிய மத்திய தேசிய உலர்தாவரக் காப்பகத்தில் ஏறக்குறைய 20 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகள், பறித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டுகள். ஒரு மலையில் நூறு ஆண்டுக்கு முன் என்ன வளர்ந்தது, இன்று எது காணாமல் போயிற்று என்று சொல்ல இந்தத் தாள்களை விட்டால் நம்பகமான சாட்சி குறைவு.

பயன்தரும் பயிரைத் தேடத் தொடங்கிய தோட்டத்துக்கு இன்று வேலை மாறியிருக்கிறது: அழிந்துபோகிற இனங்களைக் காப்பது. 2009ல் ஜகதீஷ் சந்திரபோஸின் பெயரைச் சூட்டினார்கள். 2020 மே மாதம் வீசிய அம்பன் புயல் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பெரிய ஆலமும் சேதத்திலிருந்து தப்பவில்லை. சாய்ந்தவற்றில் சில, இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. இடம் காலியானால் நாற்று வைக்கலாம். நூறு வயதை வைக்க முடியாது.

நவம்பர் முதல் பிப்ரவரிவரை போவது நல்லது. திங்கள்கிழமை விடுமுறை. ஆலமரத்தைப் பார்த்து முடித்தபின் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மரங்களில் தொங்கும் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே ஆற்றங்கரைவரை நடக்கலாம். எந்தெந்த நாட்டிலிருந்து எதெது வந்தது என்று அவை சொல்கின்றன. அவற்றுக்குக் குழி தோண்டித் தண்ணீர் சுமந்தவர்களின் பெயரைத்தான் எந்தப் பலகையிலும் காணோம்.