தெருநாய்க்கு ஒரு வீடு கிடைக்குமா?



2025-ஆம் ஆண்டில் நம் நாட்டு மக்களை இரண்டு அணிகளாகப் பிரித்த செய்திகளுள் ஒன்று தெருநாய்களைப் பற்றியது. தில்லியிலும் அதன் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக்கூடாது என்று ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதினொரு நாள்களுக்குள், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. பின்னர் நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கேயே திரும்ப விடாமல் காப்பகங்களுக்கு மாற்றுமாறு கூறியது.

தொலைக்காட்சி விவாதங்களில் 'நாய்ப் பிரியர்கள்', 'நாய் எதிர்ப்பாளர்கள்' என்று இரு தரப்பினரும் உரக்கப் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் ஆகஸ்ட் 22 ஆணையின் ஒரு பகுதி பலருடைய காதில் விழவே இல்லை. விருப்பமுள்ளோர் தெருநாயைத் தத்தெடுக்க உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். அந்த நாய் அடையாளமிடப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்படும். அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான் நாம் இங்கு சிந்திக்க விரும்புகிறோம். தத்தெடுப்பது ஒரு நாள் வேலை. திரும்ப வராமல் காப்பதோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு வேலை.

முதலில் மக்களின் அச்சத்தைப் பேசியாக வேண்டும். 2024-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் சுமார் 37 இலட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் 4.8 இலட்சம். அதே ஆண்டில் நம் மாநிலத்தில் 43 பேர் வெறிநோயால் இறந்தார்கள். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை என்பதால் இந்த எண்ணிக்கையைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது. கடிபட்டவர்களில் பலர் தெருவில் விளையாடிய பிள்ளைகள், விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள், அதாவது காரில் போகாதவர்கள். இவர்களுடைய பயத்தை இரக்கமின்மை என்று யாரும் பழிக்கக்கூடாது.

ஆனால் கொன்றுவிட்டால் தீரும் என்ற வழியையும் நாம் முயன்று பார்த்திருக்கிறோம். சென்னையில் மாநகராட்சியே பல்லாண்டுகளாகத் தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது, எண்ணிக்கை குறையவில்லை. கேப்டன் வி. சுந்தரமும் அவருடைய குடும்பத்தாரும் தொடங்கிய இந்திய புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடையே வழி என்று 1964 முதல் சொல்லிவந்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல்! இன்று நாடு முழுவதற்கும் உரிய 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. இவ்விதிகளுக்குத் தாயான 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாக மாநிலங்களவையில் வாதாடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதை இளையோர் அறிந்திருக்க மாட்டார்கள்.

கருத்தடை, வளர்ந்த நாய்க்குச் சரி. தாயை இழந்த குட்டிக்கும், அடிபட்டுக் கால் ஒடிந்த நாய்க்கும், வீட்டில் வளர்ந்து பின் கைவிடப்பட்டதற்கும் வீடுதான் தேவை. காப்பகங்கள் இல்லாமல் இல்லை. தமிழக அரசும் 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 'வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள்' என்னும் திட்டத்திற்கு 20 கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால் நெரிசல் மிகுந்த காப்பகம் குட்டிகளுக்கு ஆபத்தான இடம். பார்வோ என்னும் கழிச்சல் நோயும் டிஸ்டெம்பர் நோயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரைவில் பரவும். தடுப்பூசி முழுமை பெறாத குட்டிகள் கூட்டமாக மடியும்.

எனவேதான் மீட்புப் பணியாளர்கள் தற்காலிக வளர்ப்பு வீடுகளைத் தேடுகிறார்கள். நம் ஊர்களில் பிறருடைய ஆட்டை வாரத்துக்கு வளர்ப்பது பழக்கமான ஒன்று. ஏறக்குறைய அதுபோல்தான் இதுவும்; ஆனால் பங்கு கிடைக்காது. நான்கு வாரமோ எட்டு வாரமோ ஒரு குடும்பம் அந்த நாயை வைத்திருக்கும். முதல் இரண்டு வாரம் மற்ற நாய்களிடமிருந்து தனியே வைத்து, நோய் ஏதும் தலைகாட்டுகிறதா என்று பார்க்கும். குடற்புழு மருந்து, தடுப்பூசி, வேளாவேளைக்குச் சோறு. பிறகு வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அழும். அழுதவர்களில் சிலர் கொடுக்காமல் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு. அது நல்லதுதான், ஆனால் அடுத்த குட்டிக்கு இடம் போயிற்று!

இந்த இடைக்கால வீட்டின் பெரும்பயன் உணவும் மருந்தும் அல்ல. அந்த நாய் யார் என்பது அங்கேதான் தெரியவரும். காப்பகத்துக் கூண்டில் எல்லா நாய்களும் குரைக்கின்றன, அல்லது மூலையில் நடுங்குகின்றன. வீட்டுக்கு வந்து சில நாள்கள் ஆனபின்னரே, இது கோழியைத் துரத்துமா, சாப்பிடும்போது குழந்தை அருகில் வந்தால் உறுமுமா, தனியே விட்டால் ஊளையிடுமா, வெடிச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுமா என்பதெல்லாம் புலப்படும். நம் திருவிழாக்களில் தேர்பவனிக்கு வெடிக்கும் வெடியை நினைத்துக்கொண்டால் கடைசிக் கேள்வியின் அவசியம் விளங்கும்.

பெறப்போகிற குடும்பத்திடமும் கேள்விகள் உண்டு. "வெள்ளைக் குட்டி இருந்தால் கொடுங்கள்" என்று வருகிறவரிடம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா, ஆடு கோழி உண்டா, வேலைக்காக வெளியூர் போகும் மாதங்களில் யார் சோறு வைப்பார்கள் என்று கேட்க வேண்டும். சிலருக்கு இது பெண் பார்க்கும் படலம்போல் தோன்றிக் கோபம் வரும். வரட்டும். ஓட இடம் தேவைப்படும் சிப்பிப்பாறையை மாடிக் குடியிருப்பில் அடைப்பதும், பனிநாட்டுக்குரிய ஹஸ்கியை நம் சித்திரை வெயிலில் கட்டிவைப்பதும் இக்கேள்விகளைக் கேட்காததன் விளைவே. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லி, உள்நாட்டு நாய்களை வளர்க்கக் கேட்டுக்கொண்டார். பெயரில்லாத நம் தெருநாயும் உள்நாட்டு நாய்தானே! இந்த வெயிலுக்கும் சோற்றுக்கும் அதைவிடப் பொருத்தமானது எது? புனித ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் ரொட்டியுடன் நிற்கும் நாயின் இனம் என்ன என்று நாம் யாரும் கேட்டதில்லை.

மூங்கில்துறைப்பட்டிலும் கல்வராயன் மலையடிவார ஊர்களிலும் இதெல்லாம் பட்டணத்துப் பேச்சாகத் தோன்றலாம். இங்கே நாய் காட்டையும் கொட்டகையையும் காக்கும். எவரும் விண்ணப்பம் எழுதி நாய் வாங்குவதில்லை. ஆனால் இங்கும் ஒரு தேர்வு நடக்கிறது. குட்டி ஈன்றதும் கடுவன் குட்டிகளுக்கு ஆள் வந்துவிடுகிறது. பெட்டைக் குட்டிகள் சாக்குப்பையில் ஏறிச் சந்தைத் திடலுக்கோ, பாலத்தடிக்கோ, சில வேளைகளில் கோயில் வளாகத்துக்கோ போய்ச் சேருகின்றன. கண் திறந்து சில நாள்களே ஆன குட்டிகள். அவற்றுள் பல கரும்பு ஏற்றி சர்க்கரை ஆலைக்குப் போகும் வண்டிகளின் சக்கரத்தில் முடிகின்றன. பிழைப்பவை ஓராண்டுக்குள் தாமே ஈன்றுவிடும். தெருநாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு, நம் வீட்டுக் கொல்லையிலிருந்தும் வருகிறது என்பதே பதில்.

இப்படி விடப்பட்ட குட்டியைப் பிள்ளைகள் தூக்கிவந்தால், இரண்டு செய்திகள் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டி நாய்க்கும் வெறிநோய் வரும். அதன் பல்லோ நகமோ கீறினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியைத் தொடங்க வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் அப்புவது உதவாது. குட்டிக்கு மூன்று மாதமானதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

பெட்டைக் குட்டியை எடுக்க மக்கள் தயங்குவதற்குக் காரணம் அது மீண்டும் மீண்டும் ஈனும் என்பதே. கருத்தடைக்கு வழி இருந்தால் அந்தத் தயக்கம் பெருமளவு போய்விடும். அதற்குரிய பொறுப்பை 2023 விதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. ஆனால் கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆறு மாதக் குட்டியை அறுவை சிகிச்சைக்கு எங்கே கொண்டுபோவது, வண்டிச் செலவை யார் தருவது? ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் சாலையும் குடிநீரும் பேசி முடித்தபின், இதையும் எழுந்து கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.