லில்லி பார் அடிச்ச கோல் எத்தனை?

ஃபுட்பால் பதிவு போடுற நம்ம மக்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டிக்ஸி டீன் கணக்கைச் சொல்வாங்க. 1927-28 சீசன், எவர்ட்டன், லீக்ல 39 ஆட்டம், 60 கோல். அறுபதாவது கோல் விழுந்தது 1928 மே 5, குடிசன் பார்க்ல, ஆர்சனலுக்கு எதிரா. ஒரு கோல் குறையாம கணக்கு இருக்கு.

அதே காலத்துல அதே இங்கிலாந்துல லில்லி பார்னு ஒரு அம்மணி ஆடினாங்க. 1920ல பள்ளிக்கூட வயசுல டிக் கெர் லேடீஸ் டீம்ல சேர்ந்தாங்க, 1951 வரைக்கும் ஆடினாங்க. மொத்தம் எத்தனை கோல்? ஆயிரத்தை ஒட்டி இருக்கும்ங்கறாங்க. சரியான எண் யார்கிட்டயும் இல்ல.

ஏன் இல்ல? 1920 டிசம்பர்ல அவங்க டீம் ஆடினதும் இதே குடிசன் பார்க்லதான். உள்ளே 53,000 பேர். அடுத்த வருஷம், 1921 டிசம்பர் 5ல, இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் தன் உறுப்பினர் கிளப் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிருச்சு. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏத்ததில்லைன்னு காரணம் வேற. தடை போய்ச் சேர ஏறக்குறைய 50 வருஷம் ஆச்சு. லீக் இல்ல, ஸ்கோர் எழுத ஆளில்ல. லில்லி பார் நர்ஸ் வேலை பார்த்துக்கிட்டே கிடைச்ச இடத்துல ஆடினாங்க.

"பொம்பளைங்க மேட்சை யாருங்க பாப்பாங்க?"ன்னு கேக்குற அண்ணாச்சிகளே, 53,000 பேர் பார்த்தாங்க. அதுக்கு அப்புறம்தான் கதவைச் சாத்தினாங்க. வரிசையை மாத்திச் சொல்லாதீங்க.

சரி, அது வெள்ளைக்காரன் கதை. நம்மூர் கதைக்கு வர்றேன். 2018-19 இந்தியப் பெண்கள் லீக்ல மணிப்பூர் போலீஸ் டீமோட பாலா தேவி அடிச்சது 26 கோல். ஃபைனல் வரைக்கும் போற டீமுக்கே மொத்தம் 7 ஆட்டம்தான். 2019 மே மாசம் லூதியானாங்கற ஒரே ஊர்ல ஆரம்பிச்சு அதே மாசம் முடிஞ்சுபோச்சு. டீன் ஆடின லீக்ல ஒரு டீமுக்கு 42 ஆட்டம். ஏழோட கடையைச் சாத்தியிருந்தா அவருக்கு மட்டும் 60 வந்திருக்குமா?

அந்த ஃபைனல்ல பாலா தேவி டீமை 3-1ன்னு ஜெயிச்சது யாரு? நம்ம மதுரை சேது எஃப்சி! இந்தியாவுக்கே சாம்பியன். திருப்பரங்குன்றத்துல பத்துப் பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்க. மெஸ்ஸி எந்தக் கால்ல அடிப்பார்னு சொல்ற பயபுள்ளைங்களுக்கு இது தெரியாது. 2020ல பாலா தேவியை ஸ்காட்லாந்துல இருக்குற ரேஞ்சர்ஸ் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டாங்க. ஐரோப்பாவுல தொழில்முறை ஒப்பந்தத்துல ஆடப் போன முதல் இந்தியப் பெண். க்ளாஸ்கோகாரனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல.

"டிஃபென்ஸ் மட்டமா இருந்திருக்கும், அதான் 26"னு ஒரு வாதம் வரும். இருக்கட்டுமே. வருஷத்துக்கு ஏழு மேட்ச் ஆடினா டிஃபென்ஸ் எப்படிய்யா தேறும்? நான் படிச்ச இன்ஜினியரிங் காலேஜ்ல கிரவுண்டு பசங்களுக்கு. பொண்ணுங்க ஆறு மணிக்கு ஹாஸ்டலுக்குள்ள இருக்கணும். பந்தையே கண்ணுல காட்டாம, 'பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்ல'ன்னு பேசின அதே கும்பல்தான் இன்னிக்கு 'லெவல் இல்ல'ன்னு பேசுது.

2023-24ல இருந்துதான் அந்த லீக்ல சொந்த ஊர், வெளியூர்னு ரெண்டு சுற்று வச்சாங்க. 2024-25ல 8 டீம், ஆளுக்கு 14 ஆட்டம். அப்பவும் டீனுக்குக் கிடைச்சதுல மூணுல ஒரு பங்கு! யாரும் சலுகை கேக்கல சாமி, ஆட்டம்தான் கேக்குறாங்க. முதல்ல ஆட விடுங்க, கணக்கை அப்புறம் பேசுவோம்.

டிஸ்கி: மெஸ்ஸியா ரொனால்டோவான்னு நூறாவது பதிவு எழுத உக்காந்திருக்கும் நண்பர்களே, நடுவுல ஒரே ஒரு பதிவு சேது எஃப்சி மேட்ச் பத்திப் போடுங்க. யார் எத்தனாவது நிமிஷம் அடிச்சாங்கன்னு பேரோட எழுதுங்க. லில்லி பாருக்கு அப்படி எழுதி வைக்க ஆள் இல்லாமப் போச்சு. :-)