புற்றுநோயாளியின் உடனிருப்பவருக்குத் துணை யார்?

மும்பை பரேலில் 1941-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலும் இருந்து புற்றுநோயாளிகள் வருகின்றனர். அவர்களுடன் வரும் உறவினர்களில் பலர் தங்க இடமின்றி அருகிலுள்ள நடைபாதைகளில் நாட்களைக் கழிப்பது நெடுங்காலமாகத் தொடர்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மதிப்பீட்டின்படி, 2022-இல் நாட்டில் சுமார் 14.61 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. நோயாளிகளைக் கணக்கிடும் பதிவேடுகளில் அவர்களது குடும்பத்தினருக்கு இடமில்லை.

உடனிருப்பவரின் சுமை பல வகைப்பட்டது. மருந்து வாங்குவது, பரிசோதனை அறிக்கைகளுக்காகக் காத்திருப்பது, உணவூட்டுவது என இரவு பகலாக அவர் உழைக்கிறார்; அந்நாட்களின் கூலியையும் இழக்கிறார். நோயின் தீவிரத்தை மருத்துவர்கள் முதலில் உறவினரிடமே தெரிவிப்பதும், அதை நோயாளியிடம் குடும்பம் மறைப்பதும் இங்கு வழக்கம். அந்த உண்மையைத் தனியே சுமந்தபடி படுக்கையருகே சிரித்த முகத்துடன் இருக்க வேண்டிய கட்டாயம், உடல் உழைப்பைவிடக் கடுமையானது.

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சையை ஏற்கிறது. உடனிருப்பவரின் வருமான இழப்போ மனநலமோ அதன் வரம்புக்குள் வருவதில்லை. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியுடன் உதவியாளர் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை வழங்குகிறது. பயணத்தில் அவரை அங்கீகரிக்கும் அரசு, சிகிச்சைப் பிரிவில் அவரை மறந்துவிடுகிறது.

மனநல ஆலோசனைக்காக 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். ஆயினும், நோயாளி தானல்ல என்று கருதும் உறவினர் தாமாக உதவி கோருவது அரிது. எனவே உதவி அவரைத் தேடி வர வேண்டும். 2008-இல் வலி தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை வகுத்த கேரளம், உள்ளாட்சி அமைப்புகள் வாயிலாகச் செவிலியரை வீடுகளுக்கே அனுப்பி இதற்கு வழிகாட்டியுள்ளது.

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் 2025-26-இலேயே அமையும் என்றும் மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வீட்டருகே சிகிச்சை கிடைத்தால் நடைபாதை வாழ்க்கை குறையும். ஆனால் படுக்கையும் மருந்தும் மட்டும் போதாது. ஒவ்வொரு மையத்திலும் ஓர் ஆலோசகர் இருந்து, 'நீங்கள் உறங்கினீர்களா, உண்டீர்களா?' என்று உடனிருப்பவரிடமும் கேட்கும் நடைமுறை தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். அவர் தளர்ந்தால் சிகிச்சையும் பாதியில் நின்றுபோகும்.