வருஷா வருஷம் எதற்குக் கேஸ்?

“கார் ஏசின்னா வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிச்சாகணும் சார்.”

இந்தப் பேச்சை நம்பி மூன்று கோடை தொடர்ந்து பணம் கொடுத்தவன் நான். முதல் வருஷம் 1,600 ரூபாய், அடுத்த வருஷம் 1,800, அதற்கடுத்து 2,200. அடித்த அன்று ஜில்லென்று இருக்கும். ஆடி பிறப்பதற்குள் பழையபடி வெறும் காற்று. நாலாவது சித்திரையில் திருச்சி தென்னூரில் கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். “கேஸ் அடிச்சிடுங்க பாய்” என்றேன். அவர் சிலிண்டர் பக்கமே போகவில்லை. பானெட்டைத் தூக்கி, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரின் ஓரத்தில், பைப் வந்து சேரும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். விரல் நுனியில் பிசுபிசுவென்று எண்ணெய், அதில் அப்பிய கறுப்புத் தூசி.

“மூணு வருஷமா நீங்க கொடுத்த காசு இந்த வழியாத்தான் போயிருக்கு. கேஸ் என்ன பெட்ரோலா சார், எரிஞ்சு தீர்றதுக்கு?”

அங்கே கெட்டிருந்தது ஒரு ஓ-ரிங். சுண்டுவிரலில்கூட நுழையாத ரப்பர் வளையம். விலை 30 ரூபாய். அதை மாற்றி இரண்டு கோடை ஓடிவிட்டது, இதுவரை கேஸ் ஏற்றவில்லை. அந்த 5,600 ரூபாய் போனதைவிட, இதே பேச்சை நம்பி ஒவ்வொரு கோடையிலும் பட்டறை வாசலில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

கேஸ் தீர்ந்துபோகிற பொருள் என்பதுதான் இந்த நம்பிக்கையின் வேர். தீராது. இன்றைக்கு நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. திறந்துவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். கண்டென்சரில் அந்தச் சூடு வெளியே போய் அது திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்பும். கமலையில் தண்ணீர் இறைக்கும் சால் போலத்தான் இது. சூட்டை மொண்டு வெளியே கொட்டிவிட்டு வெறும் சாலாகத் திரும்புகிறது. வருஷா வருஷம் யாராவது புதுச் சால் வாங்குவார்களா? ஓட்டை விழுந்தால் அடைப்போம்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். “வீட்டு ஃபிரிட்ஜுக்கு வருஷா வருஷமா கேஸ் அடிக்கிறோம்?” என்று சிலர் மடக்குவார்கள். அந்த ஒப்பீடு முழுக்கச் சரியில்லை. ஃபிரிட்ஜில் எல்லாம் பற்றவைத்து மூடிய குழாய்கள். காரில் இன்ஜின் அதிர்வைத் தாங்க ரப்பர் ஹோஸ் வேண்டும், கம்ப்ரஸரைச் சுழற்ற வெளியிலிருந்து பெல்ட் வேண்டும். பெல்ட் சுழற்றும் தண்டு கம்ப்ரஸருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கும். இவற்றின் வழியே கொஞ்சம் கசியத்தான் செய்யும். எவ்வளவு? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி, ஒரு கூலிங் காயில் உள்ள காருக்கு வருஷத்துக்கு 40 கிராம்தான் உச்சம் என்கிறது. என் வண்டியின் பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு 450 கிராம். அந்த உச்ச அளவே கசிந்தாலும் ஒரு வருஷம் கழித்து 410 இருக்கும். ஏசி படுத்துவிட அது காரணமே ஆகாது. மூன்று நாலு மாதத்தில் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இந்த நம்பிக்கை வெறும் ஏமாற்றிலிருந்து பிறந்ததும் இல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 காலத்தில் பலர் வெளியே வாங்கிப் பொருத்திய ஏசிகளில் ஆர்-12 ஓடியது. அந்தக் காலத்துச் சாதாரண ரப்பர் ஹோஸ் கேஸைச் சுரந்துகொண்டே இருக்கும். அப்போது ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் ஏற்றியது நியாயம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் ஆர்-12 ஒழிந்தது. ஆர்-134ஏ வந்தபோது, அதன் சிறிய மூலக்கூறு கசியாதிருக்க, உள்ளே தடுப்பு அடுக்கு வைத்த ஹோஸும் வந்தது. கேஸ் மாறியது, ஹோஸ் மாறியது, பட்டறைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

“கேஜ் வெச்சுப் பார்த்துட்டேன் சார், கேஸ் கம்மி.” இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் பர்ஸை எடுத்துவிடுகிறோம். வீட்டுச் சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முழு 14.2 கிலோ இருக்கும்போதும், அடியில் ஒரு கிலோ மிச்சம் இருக்கும்போதும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். உள்ளே திரவம் துளி இருக்கும் வரை அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. அதனால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், தராசில் வைக்கச் சொல்கிறோம். கார் ஏசியும் அப்படியே. இன்ஜினை அணைத்துவிட்டு 35 டிகிரி வெயிலில் கேஜ் மாட்டினால், உள்ளே 450 கிராம் இருந்தாலும் 250 இருந்தாலும் முள் ஏறக்குறைய 114 பிஎஸ்ஐ-யில்தான் நிற்கும். ஏசியை ஓடவிட்டு இரு பக்க அழுத்தத்தையும் பார்த்தால் அனுபவசாலிக்கு நிறையத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் ஃபேன், கண்டென்சர், வால்வு, வெளி வெயில் எல்லாம் சேர்ந்துதான் முள்ளை நகர்த்துகின்றன. உள்ளே எத்தனை கிராம் என்று அறிய ஒரே வழி, இருப்பதை மெஷினில் இழுத்தெடுத்து எடை போடுவது. ஏற்றும்போதும் சிலிண்டரை எடைமெஷினில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அப்படிச் செய்யாததால் வருவதே அடுத்த தவறு: “கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன், கூலிங் தூக்கலா இருக்கும்.” தூக்காது. கூடுதல் திரவம் கண்டென்சரில் தேங்கி, சூட்டை வெளியேற்ற வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் திணறும், மைலேஜ் குறையும். உச்சி வெயிலில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடிவிட்டால் என்ன செய்வது? ஸ்டிக்கரில் 450 என்றால் 450 தான்.

கூலிங் இல்லை என்றாலே கேஸ்தான் காரணம் என்ற எண்ணம்தான் அதிகக் காசைக் கரைக்கிறது. பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையில் முதல் நாலு சோதனைக்குப் பைசா செலவில்லை.

காற்று வேகமாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். காற்று குறைவு, ஆனால் வருகிற காற்று குளிர்ச்சி என்றால் அது கேபின் ஃபில்டர். பெரும்பாலான வண்டிகளில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னாலேயே இருக்கும். என் தங்கை வண்டியில் அதை உருவியபோது வேப்பம்பூவும் சருகும் செம்மண்ணும் சேர்ந்து வறட்டி போல வந்தது. அவளிடம் கேஸ் அடிக்கச் சொல்லி 2,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். 300 ரூபாய் ஃபில்டரோடு முடிந்தது.

இரண்டாவது, எப்போது குளிர்ச்சி போகிறது என்று கவனியுங்கள். சிக்னலில் நிற்கும்போது அனலாகி, பைபாஸ் ஏறியதும் ஜில்லென்று ஆனால், சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர் ஃபேனை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்துவிடுகிறது. மாறாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியில் ஒரு மணி நேரம் கழித்துக் காற்றே வராமல் போய், பத்து நிமிஷம் அணைத்துவிட்டுப் போட்டால் திரும்பினால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று பொருள்.

மூன்றாவது கண்டென்சர். முன் கிரில்லின் இடுக்கு வழியே பாருங்கள். ஈசல், தும்பி, சேறு எல்லாம் காய்ந்து அடை போல ஒட்டியிருக்கும். தோட்டத்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து வழியை அடைத்துவிடும்.

நாலாவது, கையால் அறிவது. ஏசியைப் போட்டதும் பல வண்டிகளில் கம்ப்ரஸர் ‘டக்’கென்று பிடிக்கும் சத்தம் கேட்கும். பத்து நிமிஷம் ஓடவிட்டு இன்ஜினை அணைத்ததும், டேஷ்போர்டுக்குப் போகும் இரண்டு பைப்பையும் தொடுங்கள். தடித்த பைப் வியர்த்துச் சில்லென்று இருக்க வேண்டும். மெலிந்தது சுடும், பார்த்துத் தொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான், அல்லது கம்ப்ரஸர் நொடிக்கொரு தரம் பிடித்துப் பிடித்து விட்டால்தான், கேஸைப் பற்றிப் பேச்சை எடுக்கலாம்.

வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைக் காட்டி “கேஸ் லீக்” என்று சொல்லி ஒருவரைப் பயமுறுத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அது காற்றிலிருந்த ஈரம். சோற்றுப் பானை மூடியில் நீர் கோர்ப்பது போலக் கூலிங் காயிலில் கோர்த்து வடிகிறது. அது சொட்டுவதே நலம். சொட்டாமல் கால் மிதியடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, ஊதிவிட்டால் சரி. கேஸ் கண்ணுக்குத் தெரியாமல்தான் போகும். அது விட்டுச்செல்லும் தடயம், பாயின் விரலில் ஒட்டிய அந்த எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓட்டை இருந்தால் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள், அல்லது ஒளிரும் சாயம் விட்டு ஊதா விளக்கில் தேடுவார்கள்.

“டாப்-அப் போதும் சார், வேக்யூம் எல்லாம் வீண் செலவு” என்பதற்கும் பதில் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. கம்ப்ரஸருக்கு உயிர் அது, கேஸோடு கலந்து ஓடுகிறது, கேஸ் கசிந்தால் கூடவே கசிகிறது. எண்ணெயைச் சரிபார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு நாள் கம்ப்ரஸர் வறண்டு பிடித்துவிடும். பிறகு செலவு ஐந்து இலக்கத்தில். சிஸ்டம் முழுக்கக் காலியானாலோ, பழுது பார்க்கப் பிரித்தாலோ காற்றும் ஈரமும் உள்ளே புகும். காற்று கண்டென்சரில் திரவமாகாமல் அழுத்தத்தை ஏற்றும். ஈரம் எண்ணெயைக் கெடுத்து உலோகத்தை அரிக்கும். வேக்யூம் பம்ப் அரைமணி நேரம் இழுத்தால், அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும். பம்பை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிஷம் முள் அசையாமல் நின்றால் ஓட்டை அடைபட்டதற்கு அது நல்ல அறிகுறி. ஐந்து நிமிஷத்தில் பம்பை எடுத்தால் தடுத்துக் கேளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று எந்தக் கேஸையாவது ஏற்றச் சம்மதிப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து. எரியும் பியூட்டேன், புரப்பேன் கலந்த போலிகள் உண்டு. 2011-இல் குளிர்பதனக் கன்டெய்னர்களில் ஆர்-134ஏ என்று ஏற்றியதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்து, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நம் கார் கண்டென்சரும் அலுமினியம்தான். சீல் உடையாத டின்னா, பெயர் தெரிந்த கம்பெனியா என்று பாருங்கள். புதிய சில கார்களில் ஆர்-1234ஒய்எஃப் இருக்கும், அதில் 134ஏ-வைக் கலக்கக் கூடாது. ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கும் மருந்தும் வேண்டாம். அது வால்வின் நுண்துளையையும் அடைக்கும்.

இன்னொரு கணக்கு, நம் பர்ஸுக்கு வெளியே நடப்பது. நூறாண்டு அளவில் ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. 400 கிராம் காற்றில் போனால் 572 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ என்று வைத்தால், ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டு தரத்துக்கு மேல் போய்வரலாம். அந்த ஒற்றை ஓ-ரிங் வழியே மூன்று வருஷத்தில் நான் விட்ட கணக்கு இன்னும் பெரிது. பழைய கேஸைப் ‘புஸ்’ஸென்று வெளியே விடும் பட்டறையில் இப்போது நான் வண்டியை நிறுத்துவதில்லை.

செலவைக் குறைக்க இன்னும் ஒன்றுதான் பாக்கி. மழைக்காலத்திலும் பத்து நாளைக்கு ஒரு முறை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டுவிடுங்கள். எண்ணெய் சுற்றி வந்து தண்டின் சீல் காயாமல் இருக்கும்.

பில்லையும் விவரமாக எழுதச் சொல்லி வாங்குங்கள். மூன்று கோடை பில்களும் என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே வரி: ‘ஏசி கேஸ்.’ பாய் நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது இது: ‘கண்டென்சர் ஜாயின்ட் லீக். ஓ-ரிங் 1. ஆயில் 20 மி.லி. வேக்யூம் 40 நிமிஷம். கேஸ் 450 கிராம்.’ அதன் கீழே தேதியும் கையெழுத்தும்.