ஒன்றுகூடலைத் தின்பது சாப்பாடல்ல, மேடை



நமது பகுதி அமெச்சூர் ரேடியோ கழகத்தின் வருடாந்த ஒன்றுகூடல் நெருங்குகிறது. வழமைபோல இரண்டு அணி. "பாடம் வைத்தால் சனம் வராது, சந்திப்பும் சஹன் சாப்பாடும் போதும்" என்கிறது ஒன்று. "கதைக்கிறதென்றால் தேத்தண்ணிக் கடையில் கதைக்கலாம், இங்கே தொழில்நுட்பம் மட்டும்" என்கிறது மற்றது. இரண்டும் பிழை என்கிறோம் நாம்.

முதல் அணிக்குச் சொல்கிறோம். 2004 டிசம்பர் 26ஐ நமது கரையில் யாரும் மறக்கவில்லை. அந்த நாட்களில், விக்டர் குணத்திலக்க ஒருங்கிணைத்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொடுத்தார்கள். பொழுதுபோக்காக ரேடியோ இயக்கவென்று அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழு, அதே கருவிகளால் உறவுகளைத் தேடியோருக்குச் செய்தி சேர்த்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலைநாட்டில் பல ஊர்களில் போன் வேலை செய்யவில்லை. நாளை நமது ஊருக்கு அப்படியொரு நாள் வந்தால் அன்டெனா கட்டப்போவது யார்?

அது பெரிய வித்தையுமல்ல. 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வயர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்தாக இரண்டு தென்னையில் இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து கேபிளை இறக்க வேண்டும். கருவிக்கு 12 வோல்ட் கார் பெட்டரி போதும். ஒரு பிள்ளை அரை நாளில் கையால் செய்து பழகிவிடும். சாப்பிட்டுப் படம் பிடித்துவிட்டு வீடு போனால் பழகாது.

இரண்டாவது அணிக்கும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் நாம் தினமும் பார்ப்பது இது: வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இடைவேளையில் வந்து கேட்கும். "மீட்டர் முள் ஏன் இப்படி ஏறுது நானா?" என்ற கேள்வி ஒலிவாங்கியின் முன் வராது, கோப்பையும் கையுமாய் நிற்கும்போதுதான் வரும். அவசர நேரத்தில் இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிடித்து, இன்னாரென்று அறிந்து நம்புவதற்கும் முன்பழக்கம் வேண்டும். கதைப்பதும் இந்தக் கலையின் பாதிதான்.

அப்படியென்றால் நேரத்தைத் தின்பது எது? மேடை. ஒன்பது மணி என்று அழைப்பிதழ் சொல்லும். பிரதம அதிதி வரப் பத்தரையாகும். கிராஅத் ஓதியதும் வரவேற்புரை, தலைமையுரை, கௌரவ அதிதிகள் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், நன்றியுரை. பிறகு லுஹருக்குப் பாங்கு. "நேரமின்மையால் செயன்முறை சுருக்கப்படுகிறது" என்று அறிவிப்பார்கள். கற்க வந்தவனுக்கும் கிடைக்கவில்லை, கதைக்க வந்தவனுக்கும் கிடைக்கவில்லை. இரண்டு அணியும் சண்டை பிடிப்பது மேடை தின்ற மிச்சத்துக்காக.

நாம் கேட்பது இவ்வளவுதான். கிராஅத்துக்குப் பின் வரவேற்பு ஐந்து நிமிடம். லுஹர் வரை மேசைக்கு ஐந்து பேரும் அனுபவமுள்ள ஒருவரும் இருந்து, ஈயம் பிடிக்கவும் அன்டெனா அளக்கவும் பழகட்டும். பெண் பிள்ளைகளுக்கும் மேசை வேண்டும். பின்வரிசைக் கதிரை வேண்டாம். சாப்பாட்டில் பழையவரும் புதியவரும் ஒரே சஹனில் உட்காரட்டும். பிறகு 20 நிமிடப் பேச்சு இரண்டு. ஒன்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சைக்கு எப்படி ஆயத்தமாவது என்பதாக இருக்கட்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் ஒலிபரப்ப முடியாதே. அஸருக்குப் பின் ஆறுதலாகக் கதைக்கலாம். மணி அடிக்க யாரும் வேண்டாம்.

"அதிதியை மேடையேற்றாவிட்டால் அனுசரணை வராது" என்பார்கள். அதிதி வரட்டும், நாம் மதிக்கிறோம். ஒரு மேசையில் பிள்ளைகளோடு உட்காரட்டும். தன் ஊர்ப் பிள்ளை கட்டிய வயரில் தூர தேசத்துக் குரல் வருவதைக் கேட்ட வியாபாரி, பொன்னாடைக்குக் கொடுப்பதைவிட மனமுவந்து கொடுப்பார். பொன்னாடைக் காசுக்கு எத்தனை பாடசாலைக்கு வயர் வாங்கலாம் என்று நிருவாகம் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

நிகழ்ச்சி நிரலை அச்சடிக்க முன்னர் உறுப்பினர்களுக்குக் காட்டுங்கள். உடன்படுவோரும் மறுப்போரும் கீழே எழுதுங்கள். ஆளைத் தாக்க வேண்டாம், விஷயத்தைக் கதைப்போம்.